கிலவேயாவுக்குச் சென்றோர்

பசுபிக் மாகடலின் நடுவே, கடகக் கோட்டுக்குத் தெற்கே, ஹவாய்த் தீவுகள் அமைந்துள்ளன. அவற்றுட் பெரிய தீவின் தென்கிழக்கிலே கிலவேயா என்னும் எரிமலை உள்ளது. எரிமலை என்றவுடன் வானளாவிய கூம்புச் சிகரமொன்றையே மனம் எண்ணும். கிலவேயாவோ கவிழ்த்து வைத்த கேடயம்போலத் தாழ்ந்து பரந்து கிடப்பது. அதன் உயரம் 4,000 அடிக்குச் சற்று மேல். உச்சியிற் சிகரம் இல்லை; பெரும் பள்ளமொன்றே உண்டு. அப்பள்ளத்தினுள்ளே ஹலெமவுமவு என்னும் மற்றொரு குழி இருக்கின்றது.

அக்குழியின் கரைக்கு முதலிற் சென்றோர் வேடிக்கை பார்க்கச் சென்றவரல்லர். ஹவாய் மக்களுக்கு அது பெலே என்னும் பெண் தெய்வத்தின் உறைவிடம். எரிகுழம்பு காற்றிலே இழுபட்டு நுண்ணிய கண்ணாடி இழைகளாய் உறைவதுண்டு. அதனைப் பெலேயின் கூந்தல் என்றனர். இன்று அறிவியலாரும் அப்பெயரையே வழங்குகின்றனர். மலைச் சாரலில் ஓஹெலோ என்னும் செந்நிறச் சிறு பழம் விளையும். அதில் ஒரு பங்கைப் பள்ளத்தை நோக்கி எறிந்து, தெய்வத்துக்குப் படைத்த பின்னரே உண்பது வழக்கம். இவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. 1790-ஆம் ஆண்டளவில் கேயோவா என்னும் தலைவனின் படை இவ்வழியே சென்றபோது மலை வெடித்தது. சுடுகாற்றும் சாம்பலும் படையின் ஒரு பிரிவை நின்ற நிலையிலேயே மாய்த்தன. மாண்டோர் 80 பேர் என்பாரும், 400 பேர் என்பாரும் உளர்.

1819-இல் ஹவாய் அரசே பழைய சமய விலக்குகளை ஒழித்துவிட்டது. ஆயினும் பெலேயின்பால் மக்கள் கொண்ட பயபக்தி அரசாணையால் அழியவில்லை. 1823-இல் வில்லியம் எல்லிஸ் என்னும் பாதிரியாரும் துணைவரும் பள்ளத்தைக் காணச் சென்றனர். தெய்வத்துக்குப் படைத்த பின்னரே பழத்தை உண்ணும்படி வழிகாட்டிகள் வேண்டியும் அவர்கள் இணங்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்ததே பெரிதும் பேசப்படுவது. புதிதாகக் கிறித்தவ சமயத்தைத் தழுவிய கபியோலானி என்னும் தலைவி, ஏறத்தாழ 100 மைல் நடந்து வந்து, தடுத்தோரை விலக்கிப் பள்ளத்தினுள் இறங்கினாள், படைக்காமலே ஓஹெலோப் பழத்தை உண்டாள், குழியினுட் கல்லெறிந்தாள், தன் புதிய கடவுளைத் தொழுது ஊறின்றி மீண்டாள். ஆங்கிலக் கவிஞர் டெனிசன் இதனைப் பாடியுள்ளார். அவளது துணிவை எவரும் மறுக்க இயலாது. எனினும், இல்லாததொன்றை எதிர்ப்பதற்காக ஒருவர் 100 மைல் நடப்பதுண்டோ என்று கேட்கத் தோன்றுகின்றது.

அதன்பின் பிரயாணிகள் பெருகினர். 1846-இல் பள்ளத்தின் விளிம்பிலே புல் வேய்ந்த தங்குமனையொன்று எழுந்தது. 1877-இல் மரக்கட்டடம் வந்தது. இடையே 1866-இல், அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின் வந்து கண்டு எழுதினார்.

இனி வருவது அரசியல். லொரின் தேர்ஸ்டன் என்பவர் ஹவாயிற் பிறந்த வெள்ளையர், பாதிரிமார் வழிவந்தவர், அத்தங்குமனையையும் விலைக்கு வாங்கியவர். 1893-இல் லிலியுகலானி அரசியாரை அரியணையிலிருந்து அகற்றிய கூட்டத்தில் இவர் முதன்மையானவர். அவ்வாண்டே சிக்காகோப் பொருட்காட்சியில் கிலவேயாவின் மாபெரும் வட்ட ஓவியத்தை வைத்து உல்லாசப் பிரயாணிகளை அழைத்தவரும் இவரே. 1898-இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1912-இல் தோமஸ் ஜாகர் என்னும் அறிஞர் பள்ளத்தின் கரையில் எரிமலை ஆய்வகத்தை நிறுவினார். இவ்விருவரின் இடையறாத முயற்சியின் பயனாக, 1916 ஓகஸ்ட் 1-இல் ஜனாதிபதி வில்சன் தேசியப் பூங்காவுக்கான சட்டத்திற் கையொப்பமிட்டார். காட்டையும் மலையையும் காத்த நற்செயல் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசியின் முடியைப் பறித்த கையே அவள் மக்களின் தெய்வம் உறையும் மலைக்கு வேலியிட்டது என்பதை வரலாறு மறைக்க வேண்டியதில்லை. 1938-இல் பூங்கா கலபனாக் கரைவரை விரிக்கப்பட்டபோதுதான், அங்கு மீன்பிடிக்கும் உரிமை ஹவாய்க் குடிகளுக்குச் சட்டத்தில் எழுதப்பட்டது.

மலை தன் போக்கிலேயே இயங்கியது. 1983-இற் பொங்கத் தொடங்கிய எரிகுழம்பு 35 ஆண்டுகள் ஓடியது. 2018-இல் உச்சிப் பள்ளத்தின் அடித்தளம் இடிந்து இறங்கியது. பூங்காவுக்கு வெளியே 700-க்கு மேற்பட்ட வீடுகள் எரிகுழம்புக்கு இரையாயின. பள்ளத்தின் கரையிலிருந்த ஜாகர் நூதனசாலை மூடப்பட்டது.

அந்த 35 ஆண்டுகளின் இடையே நிகழ்ந்ததொன்று சிறப்பாகச் சொல்லத்தக்கது. பூங்காவின் கடலோரத்தில் வஹவுலா என்னும் பழங்கோயில் இருந்தது. கல்லடுக்கிக் கட்டிய மேடையும் மதிலுமே அக்கோயில். தாஹித்தியிலிருந்து வந்த குரு ஒருவர் அமைத்தது என்பது மரபு. அதற்கு அண்மையில் அரசாங்கம் பிரயாணிகளுக்கென ஒரு மண்டபம் கட்டியிருந்தது. 1989-இல் எரிகுழம்பு அவ்விடத்துக்கு இறங்கி வந்தது. மண்டபம் எரிந்து அழிந்தது. கோயில் மதிலை அணுகிய குழம்போ இரண்டாய்ப் பிரிந்து, சூழ்ந்து சென்று, கோயிலைத் தொடாமலே விட்டது. தெய்வத்தின் செயல் என்றனர் பலர். நிலத்தின் ஏற்ற இறக்கம் என்றனர் சிலர். எட்டு ஆண்டுகளின் பின், 1997-இல், மற்றொரு குழம்பு வந்து கோயிலையும் மூடிற்று.