காலந்தாழ்ந்த கொடுப்பனவும் சிறுதொழிலும்: இந்தியச் சட்டங்களின் வரலாற்றுப் போக்கு

சரக்கை ஒப்படைத்த சிறுதொழில் முனைவோர் அதற்குரிய தொகையை உரிய காலத்தில் பெறுவதற்காக இந்தியாவில் இயற்றப்பெற்ற சட்டங்களின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம், தாமதமான தொகைக்குக் கூட்டுவட்டி செலுத்துவதை வாங்குநரின் கடமையாக்கியது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம், எழுத்து ஒப்பந்தத்தில் குறிக்கப்பெறும் தவணை 120 நாட்களை விஞ்சலாகாது என வரையறுத்தது. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அவ்வரம்பை 45 நாட்களாகக் குறைத்தது. வட்டியை ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்காக நிர்ணயித்தது.

எனினும் இம்மூன்றிலும் ஒரு குறை தொடர்ந்தது. வட்டியைப் பெற விற்பவரே முறையிட வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்தின் கொள்முதலை நம்பியுள்ள பட்டறை உரிமையாளர், முறையிட்டால் அடுத்த வேலையை இழக்க நேரும் என அஞ்சுவது இயல்பு. அத்தகையோர்க்கு இவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றது.

2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. வருமானவரிச் சட்டத்தின் 43பி பிரிவில் அது சேர்த்த விதியின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் செலுத்தாத தொகையை, உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வாங்குநர் செலவாகக் கழிக்க இயலும். விற்பவர் முறையிடாமலேயே தாமதம் வாங்குநரின் வரிச்சுமையைக் கூட்டுகிறது. நடுத்தர நிறுவனங்களுக்கு இவ்விதி பொருந்தாமையால் வாங்குநர் அவற்றை நாடவும் இடமுண்டு. ஆயினும், முறையிடும் சுமை விற்பவரின் தோளிலிருந்து ஓரளவேனும் இறங்கியமையே இவ்வரலாற்றின் முதன்மைத் திருப்பம் எனலாம்.