சொத்தைப் பல்லில் புழு உண்டா? - புதுக்கோட்டைச் சீமையும் பல் வைத்தியமும்

புதுக்கோட்டை நகரின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்துக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக வருவார்கள். ஒன்று தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் கோயில். மற்றொன்று சமஸ்தான காலத்தில், 1910ல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம். அரசர்கள் என்ன கட்டினார்கள், என்ன காசு அடித்தார்கள் என்பதெல்லாம் இந்த இரண்டு இடங்களிலும் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காலத்து மனிதனுக்கு நடுராத்திரியில் கடைவாய்ப்பல் வலித்தால் என்ன செய்தான்? வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதில் சந்தேகம் இல்லை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். (அதில் வரும் வேல் என்பது வேம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலமரம்!) குச்சியின் நுனியை மென்றால் நார் நாராகப் பிரிந்து பிரஷ் மாதிரி ஆகிவிடும். அந்த நார் பல்லின் மேல் படியும் அழுக்கைத் தேய்த்து எடுக்கும். குச்சியில் உள்ள துவர்ப்பு ஈறுக்கும் நல்லது என்பார்கள். புதுக்கோட்டை போன்ற வறண்ட பூமியில் வேலமரத்துக்குப் பஞ்சமே இல்லை. காசு கொடுக்க வேண்டாத டூத் பிரஷ்.

குச்சி கிடைக்காதவர்கள் கரி, சாம்பல், உப்பு, செங்கல் பொடி என்று கையில் கிடைத்ததை வைத்துத் தேய்த்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கரியும் செங்கல் பொடியும் பல்லை வெள்ளையாக்குவது உண்மைதான், ஆனால் பல்லின் மேலே உள்ள எனாமலையும் சேர்த்துத் தேய்த்துவிடும். எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் வளரும். எனாமல் ஒரு முறை தேய்ந்தால் திரும்ப வளராது. ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எவ்வளவு தேய்த்தும் பல் சொத்தையாகிவிட்டால்? அங்கேதான் கதை மாறுகிறது. பல்லைக் காக்க வழி தெரிந்த ஊரில், கெட்டுப்போன பல்லைக் காப்பாற்ற வழி தெரியவில்லை. இது நம் ஊரின் குறை மட்டும் அல்ல, உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது.

சொத்தைக்குக் காரணம் பல்லுக்குள் இருக்கும் புழு என்று மக்கள் நம்பினார்கள். பாபிலோனியாவில் கிடைத்த களிமண் பலகைகளிலேயே பல் புழு வருகிறது. நம் கிராமங்களில் இதற்குக் கண்டங்கத்திரி வைத்தியம் செய்வார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்த மாதிரி இருக்கும். சில வைத்தியர்கள் வெள்ளையாகச் சின்னதாக எதையோ எடுத்து, இதோ புழு விழுந்துவிட்டது என்று காட்டவும் செய்வார்கள்!

ஆச்சரியம் என்னவென்றால் இதே வைத்தியம் இடைக்கால ஐரோப்பாவிலும் நடந்தது. அங்கே ஹென்பேன் என்ற செடியின் விதை. அதுவும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கேயும் புழு விழுந்தது. பிறகு உற்றுப் பார்த்தவர்கள் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். சூட்டில் விதை வெடிக்கும்போது உள்ளே சுருண்டிருக்கும் வெள்ளை முளை வெளியே வருகிறது. அதைத்தான் எல்லோரும் புழு என்று நினைத்தார்கள். கையில் "ஆதாரம்" இருந்ததால் அந்த நம்பிக்கை அவ்வளவு காலம் நின்றது.

புழுக் கதையை 1728ல் பிரான்சின் பியர் ஃபோஷார் தன் நூலில் மறுத்தார். நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். உண்மையான காரணத்தை 1890ல் விளக்கியவர் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் டபிள்யூ.டி. மில்லர். வாயில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. இவ்வளவுதான் சொத்தை. ஆகவே எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். ஒரு மிட்டாயை ஒரே தடவையில் தின்று வாய் கொப்பளிப்பவனைவிட, நாள் முழுக்க சர்க்கரை போட்ட டீயை உறிஞ்சுபவனுக்கு ஆபத்து அதிகம். இரவு படுக்கும் முன் பல் விளக்கச் சொல்வதும் இதனால்தான். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரக்கும், அமிலத்தைக் கழுவ ஆள் இருக்காது.

பாட்டி வைத்தியம் எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. வலிக்கும் பல்லில் கிராம்பு வைப்பது நல்ல உதாரணம். கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. பல் டாக்டர்களே தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் சிமெண்டில் இதைச் சேர்க்கிறார்கள். ஆனால் கிராம்பு வலியைத்தான் நிறுத்தும், சொத்தையை நிறுத்தாது. வலி போனதும் ஆளும் மறந்துவிடுவார். ஆறு மாதம் கழித்து கன்னம் வீங்கும்.

கடைசி வழி, பிடுங்குவது. ஐரோப்பாவில் நாவிதர்தான் பல்லையும் பிடுங்கினார். நம் ஊரிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். மரத்துப்போக ஊசி கிடையாது, குறடு மட்டும்தான். அந்தப் பயத்தில் பிறந்ததோ என்னவோ, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைச் சுத்தம் செய்தால் (ஸ்கேலிங்) பல் ஆடும் என்பதும் இதே ரகம். காரை அடைந்து அடைந்து ஈறும் எலும்பும் ஏற்கனவே கரைந்திருக்கும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. யார் பல் மருத்துவர் என்று சொல்லும் சட்டம் வந்தது 1948 மார்ச் மாதத்தில். அதே மாதம் 3ஆம் தேதிதான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது! பட்டம் பெற்றவர்கள் குறைவு என்பதால், பட்டம் இல்லாமல் ஏற்கனவே தொழில் செய்து வந்தவர்களையும் தனிப் பிரிவில் பதிவு செய்ய அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953ல் வந்தது.

டாக்டர்கள் வருவதற்குள் பல்பொடி வந்துவிட்டது. ரோஸ் கலரில் இனிப்பாக இருக்கும் பொடியைப் பல் விளக்கியதைவிடத் தின்ற பிள்ளைகள்தான் அதிகம். அது பரவாயில்லை. புகையிலை கலந்த பல்பொடியும் பேஸ்டும் கூட இந்தியாவில் விற்றன. காலையில் தேய்த்தால் வலி தெரியாது என்று பழகியவர்கள் பிறகு அது இல்லாமல் இருக்க முடியாமல் போனார்கள். 1992ல்தான் மத்திய அரசு இதைத் தடை செய்தது.

புகையிலை என்றதும் புதுக்கோட்டையில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1886ல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912ல் டாக்டரானார். 1923ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம்தான் 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையாக மாறியது. வெற்றிலையோடு புகையிலை போட்டு கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் நம் நாட்டில் வாய்ப் புற்று மிக அதிகம். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல் அறிக்கை வெளியிட்டது. "புகையிலை இல்லாமல்தான் போடுகிறேன்" என்று தப்பிக்க வழியில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை - இவற்றை முதலில் பார்த்துச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் பல் டாக்டர்தான்.

எல்லாப் பல் கறையும் அழுக்கு அல்ல என்பதும் சென்னை மாகாணத்தில்தான் தெரியவந்தது. நெல்லூர்ப் பக்கத்து கிராமங்களில் பழுப்புப் பல்லோடும் வளைந்த முதுகோடும் இருந்தவர்களை ஆராய்ந்து, கிணற்று நீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று 1937ல் மருத்துவர்கள் எழுதினார்கள். கொஞ்சம் இருந்தால் சொத்தையைத் தடுக்கும் அதே ஃபுளோரைடு, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லைக் கெடுக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் குடிநீர் 2013ல் போனது இதற்காகத்தான்.

புதுக்கோட்டைக்கு வருவோம். தமிழ்நாட்டில் வெகுகாலம் சென்னையில் மட்டுமே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருந்தது. சிதம்பரத்தில் இருந்த ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இரண்டானது. மூன்றாவது 2023ல் புதுக்கோட்டையில் திறக்கப்பட்டது. சின்னச் சொத்தை என்றால் அடைத்துவிடலாம், நரம்பு வரை போனால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம் என்பதெல்லாம் இன்று சாதாரணம். ஆனால் எந்த ஊர் பல் டாக்டரைக் கேட்டாலும், நோயாளி உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை இதுதான் என்பார்: "பிடுங்கி விட்டுடுங்க டாக்டர்."