அடைக்கலமும் ஏடும்: சிங்கப்பூரில் சிறுமியர் காப்பின் வரலாறு

தமிழில் 'அடைக்கலம்' என்பது கனமான சொல். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்பது பெயர். மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் ஒப்படைக்கிறார். பின்னர்க் கோவலன் கொலையுண்டபோது, ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என்று வருந்தி மாதரி தீப்புகுந்ததாக அக்காப்பியம் கூறுகிறது. வந்தடைந்தவரின் உயிருக்கும் வாழ்வுக்கும் ஏற்றுக்கொண்டவரே பொறுப்பு என்பது இச்சொல்லின் உட்பொருள். கொடுமைக்குத் தப்பிய சிறுமியருக்குச் சிங்கப்பூர் அளித்த அடைக்கலத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் ஆண்கள் மிகுந்த ஊர். பிழைப்புத் தேடி வந்த சீனத் தொழிலாளர்களுள் பெண்கள் மிகச் சிலரே. இந்த ஏற்றத்தாழ்வு பெண்களை விற்று வாங்கும் வணிகத்துக்கு வழிவகுத்தது. தென்சீனாவின் வறிய குடும்பங்களிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட சிறுமியர் இருவகையாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் விலைமாதர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றொரு சாரார் செல்வர் வீடுகளில் ஊதியமில்லா வேலைக்காரிகளாக்கப்பட்டனர். இவ்வாறு வீட்டுவேலைக்கு வாங்கப்பட்ட சிறுமியைக் கந்தோனிய மொழியில் 'முய் சாய்' என்றனர். அதற்குச் 'சின்னத் தங்கை' என்று பொருள். பெயரில் உறவு இருந்தது. நடைமுறையில் அடியும் பசியும், சில வீடுகளில் பாலியல் வன்கொடுமையும் இருந்தன.

இச்சிறுமியருக்காக முதலில் திறந்த கதவு பள்ளிக்கூடத்தின் கதவு என்பது குறிப்பிடத்தக்கது. 1842 ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த மரியா டையர், விற்கப்பட்ட சிறுமியரின் நிலை கண்டு, தங்கிப் படிக்கும் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய செயின்ட் மார்கரெட் பள்ளி. 1854 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் விக்டோரியா தெருவில் கான்வென்ட் ஒன்றை நிறுவினர். அதன் சிறு வாயிலில் கைவிடப்பட்ட குழந்தைகள் பலர் விடப்பட்டனர். அவ்வாயில் 'நம்பிக்கை வாயில்' என்றே பெயர் பெற்றது. இவ்வரலாற்றில் தமிழருக்கும் இடமுண்டு. இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி, 1887 ஆம் ஆண்டில் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி ஷார்ட் தெருவில் தொடங்கிய தமிழ்ப் பெண்கள் பள்ளியாகவே பிறந்தது. பெண்ணுக்குக் கல்வி தேவையா என்று பலரும் ஐயுற்ற காலத்தில் இவை தோன்றின.

அரசு இத்துறையில் தாமதமாகவே இறங்கியது. 1877 ஆம் ஆண்டில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் நிறுவப்பட்டது. சீனமொழி அறிந்த வில்லியம் பிக்கரிங் அதன் முதல் தலைவரானார். கப்பலில் வந்திறங்கும் பெண்களை வினவி, கட்டாயத்தின் பேரில் கொண்டுவரப்பட்டவர்களை மீட்பதும் அவ்வலுவலகத்தின் கடமையாயிற்று. மீட்கப்பட்டவர்கள் தங்குவதற்காக 1880களில் சீன வணிகப் பெருமக்களின் துணையுடன் 'போ லியுங் குக்' என்னும் காப்பகம் உருவானது. நல்லோரைக் காக்கும் அவை என்பது அப்பெயரின் பொருள். பின்னாளில் அது யார்க் ஹில் குன்றில் இயங்கியது. எத்தனையோ சிறுமியரை அது வன்கொடுமையிலிருந்து காத்தது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

எனினும், காப்பகத்தின் சுவர் இருபுறமும் தடுத்தது. தரகர்கள் உள்ளே வர இயலவில்லை. சிறுமியரும் விரும்பியபடி வெளியே செல்ல இயலவில்லை. தையல், சமையல், இல்லப்பணி ஆகியவையே பயிற்சியில் முதன்மை பெற்றன. வெளியேறும் வழிகளுள் முதன்மையானது திருமணம். மனைவி வேண்டி விண்ணப்பித்த ஆண்களின் நிலையை அதிகாரிகள் ஆராய்ந்தனர். மறுக்கும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. ஆனால், எழுத்தறிவும் கைத்தொழிலும் உறவினரும் இல்லாத பெண்ணுக்கு அந்த உரிமை எத்துணைப் பயன்பட்டிருக்கும்? வேறு வழி இருப்பவர்க்கே 'வேண்டாம்' என்னும் சொல் வலிமை தரும். அந்த வேறு வழியைத் தருவது கல்வி.

சட்டமும் இதே குறையைத் தாங்கி நின்றது. 1932 ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் முய் சாய் சட்டம் இயற்றப்பட்டது. புதிதாக முய் சாய்களை அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே இருந்தோரைப் பதிவுசெய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. உடனே சிலர் வீட்டிலிருந்த சிறுமியை 'வளர்ப்பு மகள்' என்று அழைத்துச் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவினர். 1936 ஆம் ஆண்டில் சர் வில்ஃபிரட் உட்ஸ் தலைமையில் விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் ஒரே பெண் உறுப்பினரான எடித் பிக்டன் டர்பர்வில், பெரும்பான்மையோரின் முடிவை ஏற்காமல் தனி அறிக்கை அளித்தார். எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், பிறர் கைக்கு மாற்றப்பட்ட சிறுமியர் அனைவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதே அவர் வாதம். போருக்குப் பின்னர் 1949 ஆம் ஆண்டில் வந்த சிறார், இளையர் சட்டம் முய் சாய் என்ற எல்லையைக் கடந்து சிறார் பாதுகாப்பை விரிவாக்கியது.

காப்பகம், சட்டம், பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வாழ்வில் சந்தித்ததற்குச் சான்றாக நிற்பவர் ஜேனட் லிம். சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்டுச் சிங்கப்பூரின் செல்வர் வீடொன்றுக்கு விற்கப்பட்டபோது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அங்குத் துன்புற்ற அவர், அதிகாரிகளால் மீட்கப்பட்டுப் போ லியுங் குக் காப்பகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து, மரியா டையர் தொடங்கிய அதே பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. படித்தார், செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனையில் தாதியானார். 1942 ஆம் ஆண்டில் அவர் சென்ற கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. உயிர்பிழைத்துச் சுமத்திராவில் ஜப்பானியரிடம் சிக்கினார். போருக்குப் பின் மேலும் பயின்று, 1954 ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் தலைமைத் தாதியானார். சிங்கப்பூரில் அப்பதவியை வகித்த முதல் ஆசியப் பெண் அவரே. 1958 ஆம் ஆண்டில் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். விலைபேசப்பட்ட சிறுமி தன் கதையைத் தானே எழுதும் நிலை அடைந்ததே கல்வி அவருக்கு ஈந்த பெரும்பேறு. அவரோடு காப்பகத்தில் இருந்த பிற சிறுமியரோ எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அதிகாரிகளின் குறிப்புகள் வழியாகவே.

முய் சாய் முறை மறைந்துவிட்டது. புகலிடத்தின் தேவை மறையவில்லை. வீட்டுக்குள் நிகழும் வன்முறைக்குத் தப்பியோருக்காக மலேசியாவில் 1982 ஆம் ஆண்டில் மகளிர் உதவி அமைப்பு ஒரு புகலிடத்தைத் திறந்தது. அங்கே குடும்ப வன்முறைச் சட்டம் 1994 இல் நிறைவேறியது. சிங்கப்பூரில் 1961 ஆம் ஆண்டின் மாதர் சாசனம் குடும்பத்தில் பெண்ணின் உரிமைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 1999 இல் ஸ்டார் ஷெல்டர் என்னும் புகலிடம் தொடங்கப்பட்டது. தாயோடு புகலிடம் சேரும் பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமல் பார்த்துக்கொள்வது இன்று இத்தகைய இல்லங்களின் பொறுப்புகளுள் ஒன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டியது ஒன்றுண்டு. வீட்டில் அச்சத்தோடு வாழும் சிறுமி நாள்தோறும் சந்திக்கும் வெளியாள் பெரும்பாலும் அவளுடைய ஆசிரியரே. திடீரென மௌனமாகிவிட்ட மாணவியை, அடிக்கடி வராமற்போகும் மாணவியை, வீடு திரும்பத் தயங்கும் மாணவியைக் கவனித்து, உரியவரிடம் தெரிவித்து, அவள் படிப்பு அறுபடாமல் காப்பதும் அடைக்கலமே. மாதரி ஏற்ற பொறுப்பு அதுதான். 1842 இல் ஒரு பள்ளி ஏற்றதும் அதுவே.