ஜெய்ப்பூர் அரண்மனையும் கல்லில் எழுந்த வானியலும்

ஆம்பேர் மலைக்கோட்டையிலிருந்து ஆண்டுவந்த கச்வாகா மரபின் மன்னர் சவாய் இரண்டாம் ஜெய்சிங், பெருகிவந்த மக்கள்தொகைக்கும் தண்ணீர்த் தேவைக்கும் மலைநகரம் ஈடுகொடுக்காத நிலையில் சமவெளிக்கு இறங்கி, 1727-இல் ஜெய்ப்பூருக்கு அடிக்கல் நாட்டினார். வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யாவின் துணையோடு, நேரான பெருந்தெருக்களால் கட்டங்களாகப் பகுக்கப்பட்ட அந்நகரின் நடுவே அரண்மனை அமைந்தது. ஏழு நிலைகள் கொண்ட சந்திர மகாலும், அதற்கு வடக்கே தோட்டத்தினூடே அமைந்த கோவிந்த தேவர் கோயிலும், 1799-இல் சவாய் பிரதாப் சிங் கட்டிய ஹவா மகாலும், 1902-இல் இரண்டாம் மாதோ சிங் லண்டன் சென்றபோது கங்கைநீர் கொண்டுசென்ற பெரும் வெள்ளிக்குடங்களும் புகழ்பெற்றவையே. எனினும், அரண்மனையை அடுத்துள்ள ஜந்தர் மந்தர் என்னும் வானாய்வுக்களமே ஜெய்சிங்கின் அறிவுவேட்கைக்கு முதன்மையான சான்று.

ஜெய்சிங் தொடக்கத்தில் பித்தளைக் கருவிகளையே பயன்படுத்தினார். அவை சிறியவையாதலால் நுண்ணளவுகளைப் பொறிக்க இடமில்லை என்பதையும், அச்சு தேய்ந்து மையம் விலகியதால் அளவீடு பிழைத்தது என்பதையும், முகலாயப் பேரரசர் முகமது ஷாவின் பெயரால் அவர் தொகுத்த 'சீஜ்' நூலின் (கோள்நிலைகளைக் கணிக்க உதவும் அட்டவணைத் தொகுப்பு) முன்னுரையே எடுத்துரைக்கிறது. அசையாத, தேயாத கருவி வேண்டுமென்றே அவர் கல்லையும் சுண்ணாம்பையும் நாடி, தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய ஐந்து நகரங்களில் ஆய்வுக்களங்களை அமைத்தார். மதுராவில் இருந்தது மட்டும் பின்னர் அழிந்துபோயிற்று.

ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரம் ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள நிழற்கடிகாரமாகும். அதன் சாய்சுவர், ஊரின் அட்சரேகைக்கு ஏற்ப ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து பூமியின் அச்சுக்கு இணையாக நிற்பதால், அதன் நிழல் இருபுறமும் உள்ள கால்வட்ட வளைவுகளில் நிமிடத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் வீதம் சீராக நகர்கிறது. இரண்டு விநாடி வரை நேரத்தைப் பகுத்துக் காட்டும் அளவுக்கு வளைவில் கோடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. சூரியன் புள்ளியாக அன்றி வட்டமாகத் தெரிவதால் நிழலின் விளிம்பு மங்குகிறது என்பதும், கருவி பெரிதாகப் பெரிதாக அம்மங்கலும் விரியும் என்பதும் இம்முறையின் எல்லை. ஆயினும், போர்ச்சுகலுக்குத் தூதுக்குழு அனுப்பி வரவழைத்த, பிரெஞ்சு வானியலாளர் லாகீரின் அட்டவணைகளையும் தம் அவதானிப்போடு ஒப்பிட்டு, நிலவின் இருப்பிடத்தில் அரைப் பாகைப் பிழை கண்டார் ஜெய்சிங் என்பது வியக்கத்தக்கது; வந்த இடம் எதுவாயினும், சரிபார்க்காமல் எதையும் அவர் ஏற்கவில்லை.

1743-இல் அவர் மறைந்தபின் ஆய்வுப்பணி தளர்ந்தது. 1901-இல் பழுதுபார்க்கப்பட்ட ஜெய்ப்பூர்க் களம் 2010-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. ஆஷாட மாதப் பௌர்ணமியன்று சாம்ராட் யந்திரத்தின் உச்சியில் கொடி பிடித்து, காற்றின் திசைகொண்டு மழையைக் கணிக்கும் வழக்கம் சோதிடர்களிடையே இன்றும் தொடர்கிறது.