திங்கட்கிழமை இளைப்பு

வில்லியனூரில் எங்கள் தெருவிலிருந்து மில் வேலைக்குப் போனவர்களில் என் பெரியப்பாவும் ஒருத்தர். விடியறதுக்குள் சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஞாயிறு முழுக்க நல்லாத்தான் இருப்பார். திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தால் நெஞ்சை அடைக்குதுன்னு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வியாழன், வெள்ளிக்குள் சரியாகும். வீட்டில் எல்லோரும் பழி போட்டது ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு மேல!

உண்மையான காரணம் பஞ்சுத் தூசி. பைசினோசிஸ் என்ற இந்த நோய்க்கு அடையாளமே, லீவு முடிந்த முதல் நாளில் வரும் நெஞ்சடைப்புதான். வருஷங்கள் போனால் வாரம் முழுக்க இருக்கும். அப்புறம் போகவே போகாது.

ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் காய்ந்த காற்றில் நூல் அறுந்துபோகும். நூலுக்கு ஈரம் வேணும், ஈரம் நிற்க ஜன்னல் மூடியிருக்கணும். லங்காஷயர் நெசவுக்கூடங்களில் நீராவியையே உள்ளே விட்டார்கள். நெசவாளிகள் எதிர்த்த பிறகு, 1889-இல் ஒரு சட்டம் ஈரத்துக்கு வரம்பு வைத்து, ஆளுக்கு மணிக்கு 600 கன அடி புதுக்காற்றும் கேட்டது.

தூசிக்கு அதுவும் போதாது. பஞ்சுப் பொதியை உடைக்கும் ப்ளோரூமிலும் கார்டிங் மிஷினிலும்தான் தூசி அதிகம். ஃபேன் போட்டால் கீழே படிந்ததும் சேர்ந்து பறக்கும். மிஷினை மூடி, தூசி கிளம்பும் இடத்திலேயே குழாய் வைத்து உறிஞ்சணும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொன்னதும் இதைத்தான்.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இங்கே நடந்தது வேறு கதை. 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 12 தொழிலாளர்கள் பலி. அடுத்த ஆண்டு 8 மணி நேர வேலைக்கு ஆணை வந்தது. அதற்கு முன் பத்து, பன்னிரண்டு மணி நேரம். இதை நேரம், கூலி பற்றிய வரலாறாகத்தான் படிக்கிறோம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உள்ளே போகும் தூசி என்பது காற்றிலுள்ள தூசியை மணி நேரத்தால் பெருக்கியது. பன்னிரண்டு எட்டானால், ஒரு ஃபேன்கூட மாட்டாமல் மூன்றில் ஒரு பங்கு தூசி குறைகிறது. உயிரைக் கொடுத்து வாங்கின காற்று.

பெரியப்பாவுக்கு ரிடையர் ஆன பிறகும் இளைப்பு போகலை. சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார்கள். நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். பெரியப்பாவிடம் கடைசிவரை யாரும் கேட்கலை.