முகம் தெரியாப் பகை: கவாரிஜ்களும் தொடக்ககால கிலாஃபத்தும்

கி.பி. 658ஆம் ஆண்டு. இராக்கின் நஹ்ரவான் பகுதியில் ஆயுதம் தாங்கிய குழுவினர் சிலர் சென்றுகொண்டிருந்தனர். மரத்திலிருந்து உதிர்ந்து கிடந்த பேரீச்சம்பழம் ஒன்றை அவர்களுள் ஒருவர் எடுத்து வாயிலிட்டார். உரியவரின் அனுமதியின்றி, விலையும் கொடாமல் உண்பது எங்ஙனம் ஆகும் என்று தோழர் கடிந்துகொள்ளவே, அதை உமிழ்ந்துவிட்டார். பிறர் பொருளில் இத்துணைப் பேணுதல் காட்டிய அதே குழுவினர்தாம், நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வையும் கருவுற்றிருந்த அவருடைய துணைவியாரையும் வழிமறித்துக் கொன்றனர். அலீ (ரலி) அவர்களைப் பற்றி அப்துல்லாஹ் நல்லதே கூறினார் என்பதுதான் குற்றம்.

கொலையாளிகளை ஒப்படைக்குமாறு கலீஃபா அலீ (ரலி) அவர்கள் கேட்டபோது, தாங்கள் அனைவருமே கொலையாளிகள் என்று அவர்கள் மறுமொழி கூறியதாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். குற்றவாளி யார், உடனிருந்தவர் யார், வெறும் அனுதாபி யார் என்று பிரித்தறிய முயலும் ஓர் அரசுக்கு இதைவிடக் கடினமான விடை இருக்க இயலாது. தலைமையிடம் ஏதுமின்றிச் சிதறிக் கிடந்து இயங்கும் வன்முறைக் குழுக்களை எவ்வாறு இனங்காண்பது என்று உலக அரசுகள் இன்று கேட்கும் கேள்வியை, இஸ்லாமிய வரலாறு தன் முதல் நூற்றாண்டிலேயே சந்தித்துவிட்டது. 'பயங்கரவாதம்' என்பது இக்காலச் சொல். அதை அக்காலத்தின் மீது அப்படியே பொருத்துவது முறையன்று. எனினும் அன்றைய ஆட்சியாளர்கள் அச்சிக்கலை எதிர்கொண்ட விதம் நம் சிந்தனைக்குரியது.

ஹிஜ்ரி 37இல் (657) நிகழ்ந்த சிஃப்பீன் போரின் இறுதியில் நடுவர் தீர்ப்புக்கு இருதரப்பும் இசைந்தபோது, தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது என்று முழங்கிப் பிரிந்தவர்களே கவாரிஜ்கள். இவர்களை அடையாளம் காண்பது ஏன் அரிதாயிற்று? முதலாவதாக, புறத்தோற்றத்தில் இவர்கள் மற்ற முஸ்லிம்களிடமிருந்து வேறுபட்டவர்கள் அல்லர். அதே பள்ளிவாசலில் தொழுதனர். குர்ஆன் ஓதுவதிலும் வணக்கத்திலும் பலரை விஞ்சினர். இரண்டாவதாக, இவர்கள் ஒரே கோத்திரத்தில் அடங்கவில்லை. கோத்திரத் தலைவரிடம் பேசிக் கட்டுப்படுத்தும் அக்கால வழிமுறை இங்குப் பயனற்றுப் போயிற்று. மூன்றாவதாக, தகுதியுடைய எந்த முஸ்லிமும், அவர் அடிமையே ஆயினும், தலைமை ஏற்கலாம் என்பது இவர்தம் கொள்கை. ஆகவே தலைவர் ஒருவர் வீழ்ந்தால் மற்றொருவரைத் தேர்ந்துகொள்வர். நாற்பது பேர் கூடினாலும் அது தனியோர் அணியாகிவிடும்.

அலீ (ரலி) அவர்கள் இதற்கு வகுத்த அளவுகோல் தெளிவானது. கூஃபா பள்ளிவாசலில் தமக்கு எதிராக முழக்கமிட்டவர்களுக்கே மூன்று உறுதிமொழிகளை அளித்தார்கள்: பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்கமாட்டோம், பொதுநிதியில் உள்ள பங்கை நிறுத்தமாட்டோம், நீங்கள் தொடங்காதவரை நாங்கள் போர் தொடுக்கமாட்டோம். அதாவது, கருத்து குற்றமன்று. இரத்தம் சிந்துவதே குற்றம். ஹரூராவில் திரண்டவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சென்று வாதிட, பெருந்தொகையினர் திரும்பி வந்தனர். கொலைகள் நிகழ்ந்த பின்னர், நஹ்ரவான் களத்திலும் போருக்கு முன் பாதுகாப்புக் கொடி ஒன்று நாட்டப்பட்டது. அதன் கீழ் வருவோருக்கும், கூஃபாவுக்கோ மதாயினுக்கோ விலகிச் செல்வோருக்கும் அடைக்கலம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ நாலாயிரம் பேரில் எஞ்சி நின்றோர் 2800 பேர் என்பது தபரீ தரும் கணக்கு. போர் முடிந்தபின் காயமுற்றுக் கிடந்த எதிரிகள் அவரவர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

ஆயினும் நஹ்ரவான் முடிவாக அமையவில்லை. ஹிஜ்ரி 40இல் (661) அங்கு மாண்டவர்களுக்குப் பழிவாங்க எழுந்த இப்னு முல்ஜமின் வாளுக்கே அலீ (ரலி) அவர்கள் இரையானார்கள். மரணப்படுக்கையிலும் அவர்கள், தம்மைக் கொன்றவன் ஒருவனைத் தவிர வேறெவரும் கொல்லப்படலாகாது, அவனுடைய உடலும் சிதைக்கப்படலாகாது என்றே கட்டளையிட்டார்கள்.

இந்த எல்லைக்கோடு பின்னர் அழிக்கப்பட்டபோது நேர்ந்ததை பஸ்ராவின் வரலாறு காட்டுகிறது. ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாத், கொள்கையளவில் நின்றவரையும் வாளெடுத்தவரையும் வேறுபடுத்தவில்லை. பல்ஜா என்னும் வணக்கசாலியான பெண்மணியின் கைகால்களைத் துண்டித்துக் கடைவீதியில் எறியச் செய்தார். அப்பாவிகளை வெட்டுவதை வெளிப்படையாகக் கண்டித்து, ஊரில் அமைதியாக வாழ்ந்துவந்த அபூ பிலால் மிர்தாஸ், இக்கொடுமைகளுக்குப் பின் நாற்பது பேருடன் ஊரைவிட்டு வெளியேறினார். ஆசக் என்னுமிடத்தில் அவர்களை எதிர்த்த இரண்டாயிரம் பேர் கொண்ட படை தோற்றோடியது. ஹிஜ்ரி 61இல் மற்றொரு படை அவரைக் கொன்றது. ஆனால் அவருடைய மரணம் எண்ணற்ற இளைஞர்களுக்கு எழுச்சிப் பாடலாயிற்று. அவரைக் கொன்ற படைத்தலைவரும் பஸ்ராவிலேயே பழிக்கொலைக்கு ஆளானார். மிதவாதியை அழித்த அரசு, தீவிரவாதிக்கு வழிதிறந்து கொடுத்தது.

அவ்வழியே வந்தவர் நாஃபிஃ இப்னுல் அஸ்ரக். தம்முடன் புலம்பெயர்ந்து வராதவர்கள், தம் கொள்கையை ஏற்று வீட்டில் அமர்ந்திருப்போர் உட்பட, அனைவரும் நிராகரிப்பாளர்களே என்றார். அவர்தம் பெண்டிர், பிள்ளைகளைக் கொல்வதும் ஆகும் என்றார். தம் பாசறைக்கு வருவோரைக் கேள்விகளால் சோதிக்கும் 'இம்திஹான்' முறையையும் ஏற்படுத்தினார். இங்கு ஒரு விந்தை கருதத்தக்கது. பிறர் உள்ளத்தைத் துருவி, அதன் பேரில் உயிருக்குத் தீர்ப்பளிப்பது உபைதுல்லாஹ்வின் வழி. அதுவே நாஃபிஃயின் வழியும் ஆயிற்று. பகைவர் இருவரும் ஒரே அளவுகோலைக் கையிலேந்தி நின்றனர். இத்தீவிரத்தை மறுத்து நஜ்தா இப்னு ஆமிர் பிரிந்தார். இப்னு இபாழும் விலகி நின்றார். அவர் பெயரால் அறியப்படும் இபாழிகள் இன்றும் ஓமானில் அமைதியாக வாழ்கின்றனர். தங்களைக் கவாரிஜ்கள் என அழைப்பதை அவர்கள் ஏற்பதில்லை. எல்லோரையும் ஒரே பெயரால் அழைத்தவர்களுக்கு இவ்வேறுபாடு புலப்படவில்லை.

ஹிஜ்ரி 65இல் (685) நாஃபிஃ போரில் மாண்டார். அஸாரிகா இயக்கம் மாளவில்லை. அதை ஒடுக்கும் பொறுப்பு முஹல்லப் இப்னு அபீ ஸுஃப்ராவிடம் வந்தது. அவர் விரைவை நாடவில்லை. அஹ்வாஸ், பாரசீக வணிகம் தடைப்பட்டு நொந்திருந்த பஸ்ரா வணிகரிடமே போர்ச்செலவுக்குக் கடன் திரட்டினார். இரவுத் தாக்குதலைத் தடுக்க அகழி வெட்டி, காவலைத் தாமே மேற்பார்வையிட்டார். தாமதத்தைக் கடிந்து ஹஜ்ஜாஜ் மடல்மேல் மடல் விடுத்தபோது, களத்தைக் காண்பவனிடம் அன்றி அதிகாரம் உடையவனிடம் முடிவு இருப்பதே பெருந்துன்பம் என்று பதிலெழுதினார். எதிரணியில் நச்சம்பு வடிக்கும் கொல்லன் ஒருவன் இருந்தான். அவன் அனுப்பிய அம்புகள் கிடைத்தன என்று பொய்யாக நன்றி கூறும் மடலொன்றை முஹல்லப் எதிரியின் பாசறையில் விழச் செய்த கதையை அல்முபர்ரத் தம் 'அல்காமில்' நூலில் கூறுகிறார். தலைவர் கதரீ விசாரணையின்றி அவனைக் கொல்ல, அணிக்குள் பிளவு மூண்டது. பிளவுண்டோர் ஒருவரையொருவர் அழிக்கும்வரை முஹல்லப் காத்திருந்தார். இப்போர் முடிய ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அதே காலத்தில் ஷபீப் இப்னு யஸீத் சிறுபடையுடன் ஹஜ்ஜாஜ் இருந்த கூஃபாவுக்குள்ளேயே நுழைந்து மீண்டார். பெரும்படைகளால் இயலாததை முடித்தது, பாலத்தில் அவருடைய குதிரை இடறி அவர் ஆற்றில் மூழ்கிய விபத்தே.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. ஹிஜ்ரி 100இல் ஷவ்தப் என்பார் ஏறத்தாழ எண்பது பேருடன் இராக்கில் கிளர்ந்தெழுந்தார். இரத்தம் சிந்தாதவரை, நிலத்தில் குழப்பம் விளைவிக்காதவரை அவர்களைத் தீண்டலாகாது என்று கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் ஆளுநருக்கு எழுதினார். வாதிட வருமாறு ஷவ்தபை அழைத்தார். தூதர் இருவர் வந்து பேசினர்; ஒருவர் கலீஃபாவின் வாதத்தை ஏற்று அவரிடமே தங்கிவிட்டார். உமர் வாழ்ந்தவரை வாள்கள் உறையிலேயே இருந்தன. அவர் மறைந்ததும் படை ஏவப்பட்டது. அனுப்பிய படைகள் பல தோற்றபின், பதினாயிரம் பேர் கொண்ட சேனையே அச்சிறு குழுவை அழிக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து எளிய சூத்திரம் எதையும் பெற இயலாது. அலீ (ரலி) அவர்களின் நீதி அவர்களுடைய உயிரைக் காக்கவில்லை. முஹல்லபின் வெற்றியில் வஞ்சகமும் கலந்திருந்தது. தமக்கு ஒவ்வாத எவரையும் 'கவாரிஜ்' என முத்திரை குத்திய ஆட்சியாளர்களும் பின்னாளில் பலர் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. மறைந்திருக்கும் சிலரைத் தேடுவதில் அரசு தவறுவது வலிமைக் குறைவால் அன்று. செயலை விட்டு நம்பிக்கையையும், கொலையாளியை விட்டு அவனைப் போல் தொழுபவரையும் தேடத் தொடங்கும்போதே அது தவறுகிறது. தாங்கள் அனைவருமே கொலையாளிகள் என்று நஹ்ரவானில் நின்றவர்கள் கூறினர். அவ்வாக்கைக் கேட்ட பின்னரும் அலீ (ரலி) அவர்கள் அதை அப்படியே ஏற்றுவிடாமல், பிரிந்து செல்வோருக்கென ஒரு கொடியை நாட்டினார்கள்.