சுவரும் சின்னமும்: பொன்பரப்பிக்கு முன்னும் பின்னும்



1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களுக்காகச் சின்னங்கள் வந்தன. சின்னம் வந்ததும் அதை வரையச் சுவர் வேண்டியிருந்தது. யாருடைய சுவர் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அரசு விதிகள் செய்தது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1959இல் வந்தது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத தேர்தல் சுவரொட்டிக்கு 6 மாதம் வரை சிறை என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு. உரிமையாளர் அனுமதியின்றிச் சுவரில் எழுதவோ கொடி நடவோ கூடாது, ஒரு கட்சியின் சுவரொட்டியை மற்றக் கட்சியினர் அகற்றக் கூடாது என்கின்றன தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள்.

இந்த விதிகள் சுவரைக் காக்கின்றன. சொந்தச் சுவரில் தன் சின்னத்தை வரைந்தவரைக் காக்கின்றனவா? புறம்போக்கில் குடிசை போட்டவரிடம் பட்டா இல்லை. பட்டா உள்ளவரும் விடிந்தால் ஊர்த்தெருக்காரர் வயலுக்குத்தான் கூலிக்குப் போகவேண்டும். அவர் தரும் அனுமதியும் மறுப்பும் அவருடையவை மட்டுமல்ல.

2008 தொகுதி மறுசீரமைப்பில் பெரம்பலூர் மக்களவைத் தொகுதி பொதுத் தொகுதியானது. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் சட்டமன்றத் தொகுதிகள் சிதம்பரம் தனித் தொகுதிக்குள் வந்தன. 2019இல் அங்கே தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் செந்துறைக்கு அருகிலுள்ள பொன்பரப்பியில் தெருவில் பானை உடைக்கப்பட்டது. தொடர்ந்து தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஏறத்தாழ 20 வீடுகள் சேதமடைந்தன. குடம் உடைப்பது நம் பக்கம் சாவுச் சடங்கு. உடைத்தவர்கள் சொன்ன சேதி சேரிக்குப் புரியாமலில்லை. ஆனாலும் 3,219 வாக்குகள் வித்தியாசத்தில் பானை வென்றது.

சுவரொட்டி கிழிந்தால் நடத்தை விதி மீறல் என்று ஒரு புகார் எழுதி முடித்துவிடுகிறார்கள். சேரியில் சின்னத்தை அழிப்பது பெரும்பாலும் வாக்காளரை மிரட்டுவதன் முதல் படி. பட்டியல் சாதியினரை மிரட்டி வாக்களிக்கவிடாமல் தடுப்பதும், இன்னாருக்கே போடு என்று கட்டாயப்படுத்துவதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மிரட்டல் இருந்தால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியக் கேளுங்கள். வீடுகள் உடைபட்ட பிறகு அல்ல, சின்னம் அழிக்கப்பட்ட அன்றே கேளுங்கள்.